நாய்க்குட்டியின் நெஞ்சில் ஓர் இரைச்சல்

சிம்பாங் பூலாய்ப் பக்கம் லயத்து வீடுகளை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் பல. நாய் வளர்க்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. குட்டி சோர்ந்து படுத்தால் "வயிற்றில் பூச்சி" என்போம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் பூச்சி மருந்து கொடுத்தும் தேறாமல், கூடப் பிறந்தவை ஓடியாட, இது மட்டும் நாலடி ஓடி மூச்சு வாங்கி உட்கார்ந்தால் அதன் நெஞ்சைக் கவனிக்க வேண்டும்.

தாய் வயிற்றில் குட்டி மூச்சு விடுவதில்லை; நுரையீரலுக்கு அதிக இரத்தம் தேவையில்லை. ஆகவே நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயையும் உடம்புக்குப் போகும் பெருங்குழாயையும் ஒரு சிறு குறுக்குக் குழாய் இணைத்திருக்கும். நம் குழந்தைகளுக்கும் அப்படித்தான். பிறந்த சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். சில குட்டிகளுக்கு மூடாது. உடம்புக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு, கரை உடைந்த வாய்க்கால் நீர் போல, நுரையீரலுக்கே திரும்பிவிடும். இதயம் இரட்டை வேலை செய்து பெருத்துப்போகும். நுரையீரலில் நீர் கோக்கும். கவனிக்காமல் விட்டால் பாதிக்கு மேற்பட்டவை ஒரு வயதைத் தாண்டுவதில்லை.

குட்டியின் இடது முன்னங்கால் அக்குளில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மடியில் படுத்த பூனையைத் தொட்டாற்போல் ஓயாத அதிர்வு தெரிந்தால் தாமதிக்காதீர்கள். மிருக வைத்தியரின் குழாயில் அது இயந்திரம் ஓடும் இரைச்சலாகக் கேட்கும். சத்தம் அக்குளின் உயரத்தில் ஒளிந்திருப்பதால், அங்கேயும் வைத்துப் பார்க்கும்படி நாமே கேட்பதில் தவறில்லை. எல்லாச் சத்தமும் நோயல்ல. சில குட்டிகளுக்கு மெல்லிய சத்தம் இருந்து, நான்கைந்து மாதத்தில் மறைந்துவிடும். உறுதி செய்வது எக்கோ பரிசோதனைதான்.

1938-இல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற டாக்டர், ஏழு வயதுச் சிறுமிக்கு இந்தக் குழாயைக் கட்டி மூடினார். நாய்க்கும் அதே வைத்தியம்தான். இப்போது நெஞ்சைத் திறக்காமல், தொடை இரத்தக் குழாய் வழியே கம்பி வலை அடைப்பானைச் செலுத்தியும் மூடுகிறார்கள். காலத்தோடு செய்தால் பெரும்பாலான குட்டிகள் மற்ற நாய்களைப் போலவே வாழும். இரத்தம் எதிர்ப்பக்கம் ஓடும் சில குட்டிகளுக்கு மட்டும் மூடவே கூடாது; உயிருக்கு ஆபத்து.

சிறிய கிளினிக்குகளில் இது நடக்காது. உள்ளூர் வைத்தியரிடம் கடிதம் வாங்கி, செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் மிருக ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்தில் விசாரிக்க வேண்டும். செலவு கையைக் கடிக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை மூச்சுத் திணறலைக் கொஞ்ச காலம் தணிக்கும், குழாயை மூடாது.

பொமரேனியன், பூடல், அல்சேஷன் வாங்குகிறவர்கள், அதுவும் பெண் குட்டி என்றால், அக்குளைத் தொட்டுப் பார்த்தே வாங்குங்கள். இது பரம்பரையில் வருவது. குணமான நாயையும் இனவிருத்திக்கு விடாதீர்கள்.