வங்கி ஏலத்தில் வாங்கும் நிலம்: வில்லங்கச் சான்றில் வராத சுமை

புது தில்லி: கடனைத் திருப்பிச் செலுத்தாத தொழிற்சாலைகளின் நிலத்தையும் கட்டடத்தையும் வங்கிகள் ஏலம் விடுவது நாடெங்கும் அன்றாட நடைமுறையாகிவிட்டது. ஏலம் கேட்போர் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சரிபார்க்கின்றனர். ஆனால் மண்ணில் ரசாயனக் கழிவு புதைந்துள்ளதா, கிணற்று நீர் கெட்டுள்ளதா என்பதை அவை காட்டுவதில்லை.

"சர்ஃபாசி' எனப்படும் 2002-ம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றத்துக்குச் செல்லாமலேயே அடமானச் சொத்தை விற்க வங்கிகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. "எங்கே, எப்படி உள்ளதோ அப்படியே' விற்கப்படும் என்ற நிபந்தனை ஏல அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெறுகிறது. குறைகளைக் கண்டறிவது வாங்குபவரின் பொறுப்பு என்பதே இதன் பொருள்.

தனக்குத் தெரிந்த வில்லங்கங்களை வங்கி அறிவிப்பில் தெரிவிக்க வேண்டும் என இச் சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. மண், நிலத்தடி நீர்ப் பரிசோதனையை அவை கட்டாயமாக்கவில்லை.

ஏலம் எடுத்தவருக்கு அவகாசமும் குறைவு. விலையில் 25 சதவீதத்தை அன்றோ, அடுத்த வேலை நாளிலோ செலுத்த வேண்டும். விற்பனை உறுதியானதும் மீதிக்கு 15 நாள் கெடு. வங்கி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். தவறினால் செலுத்திய 25 சதவீதத்தையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே நேரத்தில், தெரிந்த குறையை மறைத்து விற்பதை நீதிமன்றம் ஏற்பதில்லை. தொழிற்சாலைக்குத் தனிப் பாதை இல்லை என்பதைத் தெரிவிக்காத ஹரியாணா நிதிக் கழகம், ஏலம் எடுத்தவரின் முன்பணத்தைப் பறிக்க முடியாது என 2009-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும், பாதை இல்லாதது கண்ணுக்குத் தெரியும். மண்ணில் கலந்த நச்சை வங்கியும் அறியாமல் இருக்கலாம்.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது சட்டக் கோட்பாடு. ராஜஸ்தானில் உதய்பூர் அருகே பிச்ரி கிராமத்துக் கிணறுகளை ரசாயன ஆலைக் கழிவு பாழாக்கிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால், சீரமைப்புக்கான சுமார் ரூ. 37.38 கோடியை வட்டியுடன் செலுத்துமாறு 2011-ல் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏலத்துக்கு வரும் ஆலையின் பழைய உரிமையாளரோ, பெரும்பாலும் கடனையே கட்ட இயலாதவர்.

மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீரமைப்பதற்கென மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. அப்போது நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்டிருந்த இடங்கள் 103. சீரமைப்பு தொடங்கியிருந்தது 7 இடங்களில் மட்டுமே.

எனவே, ஏலத் தொகையைக் குறிப்பிடும் முன்பே விசாரிப்பது நல்லது. ஆலை பெற்ற அனுமதிகள், அபாயகரக் கழிவு பற்றிய விவரங்கள், மூடல் உத்தரவுகள் ஆகியவற்றை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். சொத்தைப் பார்வையிட அனுமதிக்கும் நாளில் மண்ணையும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு எடுக்க வங்கி அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி கோரலாம். அனுமதி மறுக்கப்பட்டால், அதையும் கணக்கில் கொண்டே விலை கேட்க வேண்டும்.