முத்திரை சரி, மெயில் போலி

2025 மே 5 முதல், அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பும் டொமைன்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று மெயில் சரிபார்ப்பு முறைகளும் கட்டாயம் என்கிறது மைக்ரோசாஃப்ட். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலேயே இதைக் கேட்டுவிட்டன. ஸ்பாம் பெட்டியில் போடுவோம் என்றிருந்த மைக்ரோசாஃப்ட், கடைசி நேரத்தில், ‘550 5.7.515’ என்ற பிழைக் குறியீட்டோடு திருப்பியே அனுப்புவோம் என மாற்றிக்கொண்டது. வாசகர் கடிதங்களில் அதிகம் வரும் கேள்வி இது: “எஸ்பிஎஃப் போட்டாச்சு, ‘பாஸ்’ என்றும் காட்டுகிறது. அப்புறமும் எங்கள் பெயரில் போலி மெயில் போவது எப்படி?”

திரையில் தெரியும் முகவரியை எஸ்பிஎஃப் பார்ப்பதே இல்லை. தபாலில் கவரின் மேல் ஓர் அனுப்புநர், உள்ளே லெட்டர்பேடில் இன்னொரு பெயர் இருக்கலாம் அல்லவா, அப்படித்தான் மெயிலும். எஸ்பிஎஃப் கவரோடு நின்றுவிடும்: இந்த டொமைனுக்காக அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா? மோசடிக்காரர் கவரில் தன் சொந்த டொமைனை எழுதி, அதற்கு ஒழுங்காக எஸ்பிஎஃப்பும் வைத்து, லெட்டர்பேடில் உங்கள் பெயரைப் போட்டால் ‘பாஸ்’தான். டிகிம், மெயிலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும். யார் கையெழுத்து போட்டிருக்க வேண்டும் என்று கேட்காது.

அதைக் கேட்பது டிமார்க். இரண்டில் ஏதோ ஒன்றில் பாஸான டொமைன், ‘ஃப்ரம்’ வரியில் தெரியும் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. கெட்டிக்கார வேலை. சந்தேகமான மெயிலை ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ கொடுத்துப் பாருங்கள்: எஸ்பிஎஃப் ‘பாஸ்’, டிமார்க் ‘ஃபெயில்’ என்று அடுத்தடுத்த வரிகளில் நிற்பதைக் காணலாம்.

ஃபெயில் ஆனால் என்ன செய்வது? அந்தக் கொள்கையை டொமைன்காரரே எழுதிவைக்கிறார்: ‘ரிஜெக்ட்’, ‘குவாரன்டைன்’, இல்லையென்றால் ‘நன்’. ‘நன்’ என்றால் ஒன்றும் செய்யாதே, எனக்குத் தகவல் மட்டும் அனுப்பு. மூன்று நிறுவனங்களின் ‘கட்டாய’மும் இந்த ‘நன்’னிலேயே நிறைவேறிவிடும்! போலி மெயிலை ஸ்பாம் வடிகட்டி தானாகப் பிடித்தால்தான் உண்டு. “டிமார்க் அமைத்துவிட்டோம், பாதுகாப்பாக இருக்கிறோம்” என்று அறிக்கை விடும் நிறுவனத்திடம், எந்தக் கொள்கை என்று கேளுங்கள். ஒரேயடியாக ‘ரிஜெக்ட்’டுக்குத் தாவுவதும் ஆபத்துதான், 2014 ஏப்ரலில் யாஹூ அப்படிச் செய்தபோது, மெயிலிங் லிஸ்ட்டுகளில் நியாயமான கடிதங்களும் திரும்பி வந்தன.

இன்னும் சில கேள்விகள். மெயிலை ஃபார்வர்டு செய்தால்? எஸ்பிஎஃப் உடையும்; டிகிம் பெரும்பாலும் தாங்கும்.

ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனிலிருந்து வந்தால்? மூன்றும் பாஸாகலாம்.

எஸ்பிஎஃப்பில் மெயில் அனுப்பும் சேவைகளை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாமா? டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் பிழை.

5,000-க்குக் கீழே அனுப்புவோருக்கு? ஜிமெயிலுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.