குழாய் நின்ற பிறகு என்ன நடக்கிறது?

காலையில் குழாயில் தண்ணீர் விடும் நேரத்தில் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் தண்ணீர் வராது. 'புஸ்... புஸ்...' என்று காற்றுதான் வரும். பிறகு குழாய் இரண்டு மூன்று முறை இருமும். கொஞ்சம் பழுப்பாகத் தண்ணீர் கொட்டும். அப்புறம்தான் தெளிந்த தண்ணீர்.

அந்தக் காற்று குழாய்க்குள் எப்படிப் போயிற்று? நேற்று வந்தது தண்ணீர்தானே, காற்று இல்லையே! இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், நாம் குடிக்கும் தண்ணீர் எங்கே கெட்டுப்போகிறது என்பது பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதற்கு முன்னால், தண்ணீர் கிளம்பும் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். பாலங்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஐந்து ஆறுகள்! ஐயாறு என்ற பெயருக்கு இந்த ஐந்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். திருவையாற்றைத் தாண்டி இன்னும் வடக்கே போனால் அகலமான கொள்ளிடம். அதன் மறுகரையில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது திருமானூர். தஞ்சாவூர் நகரத்துக்குக் குடிதண்ணீர் இந்தக் கொள்ளிடத்திலிருந்து வருகிறது. வெண்ணாற்றிலிருந்தும் எடுக்கிறார்கள்.

ஆற்றில் ஓடும் தண்ணீரை அப்படியே மொண்டு அனுப்புவதில்லை. ஆற்று மணலுக்குள் பெரிய கிணறுகளை இறக்கியிருப்பார்கள். இந்த வகைக் கிணறுகளின் அடியிலிருந்து, மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி, துளை போட்ட குழாய்கள் நாலாபுறமும் மணலுக்குள் நீண்டிருக்கும். மணலுக்குள் ஊறி வரும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகக் கிணற்றில் சேரும். அதனால்தான் சித்திரை வெயிலில் ஆறு வெறும் மணல்வெளியாகக் கிடந்தாலும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டி விளையாடியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கையால் பள்ளம் பறித்தால் போதும், அடியில் தண்ணீர் சுரக்கும். மேலே தெரியாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஆறு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

மணல் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்கிறீர்களா? ஜெர்மனியில் நடந்த கதையைக் கேளுங்கள்.

ஒரு தெரு, இரண்டு தண்ணீர்

எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க், அல்டோனா என்று இரண்டு ஊர்கள் ஒட்டினாற்போல் இருந்தன. (இன்று அல்டோனா, ஹாம்பர்க் நகரத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.) ஹாம்பர்க் பணக்கார ஊர். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே வீடுகளுக்கு அனுப்பியது. அல்டோனா ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்ததால், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த தண்ணீர்தான் அதற்குக் கிடைத்தது. ஆனால் அல்டோனாவில் அந்தத் தண்ணீரை மணற்படுகைகளில் விட்டு, மெதுவாக வடிய வைத்துப் பிறகுதான் கொடுத்தார்கள்.

1892-ஆம் ஆண்டு காலரா வந்தது. ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் இறந்துபோனார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பித்தது! இரண்டு ஊர்களுக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் நோய். எதிர்ப்பக்கத்து வீடுகளில் இல்லை. அதே காற்று, அதே மண். தண்ணீர் மட்டும்தான் வேறு. காலராக் கிருமியை ஆராய்ந்து புகழ்பெற்ற ராபர்ட் காக் என்ற விஞ்ஞானி இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கக் கொடுக்கக்கூடாது என்பதை மற்ற நகரங்களும் உணர்ந்தன.

மணற்படுகையின் மேற்பரப்பில் நாளடைவில் மெல்லிய வழவழப்பான படலம் ஒன்று உண்டாகும். ஜெர்மன்காரர்கள் அதற்கு 'அழுக்குப் போர்வை' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் அழுக்கு! அதில் வாழும் நுண்ணுயிர்கள், தண்ணீரோடு வரும் நோய்க்கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிடுகின்றன. வடிகட்டுவது பாதி, தின்பது பாதி. கொள்ளிடத்து மணலும் நமக்கு ஏறக்குறைய இதே வேலையைத்தான் சம்பளம் வாங்காமல் செய்கிறது. ஆற்றில் மணல் அள்ளும் லாரிகளை எதிர்த்துக் கொள்ளிடக்கரை ஊர்மக்கள் பலமுறை போராடியதை நீங்கள் இதே பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வீடு கட்ட மணல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றியுள்ள மணலை அள்ளுவதும், வடிகட்டியைக் கழற்றி விற்பதும் ஒன்றுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதில்லை. பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகங்கைக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். நாயக்கர் காலத்தில் சேவப்ப நாயக்கன் ஏரியில் மழைத்தண்ணீரைத் தேக்கி, வண்டல் அடியில் படிந்த பிறகு, தெளிந்த தண்ணீரை மட்டும் சிவகங்கைக் குளத்துக்கு விட்டார்கள். அங்கிருந்து பூமிக்கு அடியில் நீர்வழி அமைத்து ஊருக்குள் கொண்டுபோனார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது, சிவகங்கைக் குளத்திலிருந்து அங்கே வரும் பழைய நிலத்தடி வழியைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு கிராம் காவல்காரன்

மணல் வடித்துக் கொடுத்தாலும் தப்பித்த கிருமி ஒன்றிரண்டு இருக்கலாம். எனவே தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். சில நாட்களில் 'மருந்து வாடை அடிக்கிறது' என்று அம்மா முகம் சுளிப்பார்களே, அதுதான். வாடை அதிகம் இருந்தால் ஒரு மணி நேரம் திறந்த பாத்திரத்தில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். என்னைக் கேட்டால், லேசான வாடை வந்தால் சந்தோஷப்பட வேண்டும். காவல்காரன் இன்னும் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம்!

ஆற்றங்கரையில் கலக்கும் குளோரின் அங்கேயே முழுவதும் செலவாகிவிடக்கூடாது. உங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்துசேரும்போதும் ஒரு லிட்டரில் 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. இது எவ்வளவு? ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டிகள் ஐந்தை நிரப்பினால், அத்தனை தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம்! அந்த ஒரு கிராம்தான் வழியில் புதிதாக நுழையும் கிருமிகளைச் சமாளிக்கிறது. குழாய் நீளமாக ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பு என்பதால், கொள்ளிடத் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வெகுதூரம் கொண்டுபோகிறார்கள். அவ்வளவு தூரம் போவதற்குள் காவல்காரன் களைத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால், குளோரின் சோதனையைத் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் செய்தால் போதாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் செய்ய வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு மூன்று சொட்டு மருந்து விடுவார்கள். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறமாகும். நிறம் மாறாவிட்டால் காவல் இல்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம்

உங்களிடம் குளிர்பானம் குடிக்கும் ஸ்டிரா இருக்கிறதா? அதன் நடுவில், பெரியவர்களிடம் சொல்லிக் குண்டூசியால் ஒரு துளை போடச் சொல்லுங்கள். ஸ்டிராவின் அடிப்பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு ஊதுங்கள். துளை வழியாகக் காற்று வெளியேதான் வரும். எதுவும் உள்ளே போகாது. இப்போது துளை வெளியே இருக்கும்படி ஸ்டிராவை டம்ளர் தண்ணீரில் வைத்து உறிஞ்சுங்கள். தண்ணீரோடு காற்றும் வாய்க்குள் வரும். துளை வழியாக வெளியே இருப்பது உள்ளே புகுந்துவிட்டது!

தெருக்குழாயிலும் இதேதான் நடக்கிறது. தண்ணீர் வேகமாக வரும்வரை, குழாயில் விரிசல் இருந்தாலும் உள்ளிருந்து வெளியேதான் கசியும். சாலையில் ஈரம் தெரியும், அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்தியதும் என்ன ஆகிறது? குழாய்க்குள் மிச்சம் இருப்பது தாழ்வான வீடுகள் வழியாக வடிந்துவிடும். காலியான இடத்தை நிரப்ப, மேட்டில் இருக்கும் குழாய் வாய் வழியாகவும், விரிசல் வழியாகவும் வெளியில் இருப்பது உள்ளே வரும். மறுநாள் 'புஸ்' என்று வந்த காற்று அதுதான். வெளியில் காற்று இருந்தால் காற்று. அந்த விரிசல் சாக்கடைக்குள் இருந்தால்?

நம் தெருக்களில் குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் எவ்வளவு நெருக்கம் என்று நடந்து பாருங்கள். சில இடங்களில் குழாய் சாக்கடைக்குள்ளேயே குளித்துக்கொண்டிருக்கும். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த வழியில்தான் பெரும்பாலும் வருகின்றன. குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களே, அது இன்னும் மோசம். தண்ணீர் வரும் நேரத்திலேயே குழாயை ஸ்டிரா ஆக்கிவிடுகிறார்கள். 'பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குறையும்' என்பது மட்டும்தான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் போட்டவர் வீட்டுக்குத்தான் சாக்கடை முதலில் வரும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ஆகவே, முதலில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காதீர்கள். ஒரு வாளி பிடித்து வாசல் கழுவவும் செடிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு குடிக்கப் பிடியுங்கள். ஆனால் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று நம்பிவிட வேண்டாம். 100 மில்லி லிட்டர் குடிநீரில் ஈ. கோலை என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். ஆயிரம் இருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் சாகும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

பாட்டி தண்ணீரைத் துணி போட்டு வடிகட்டுவதைக் கேலி செய்திருக்கிறீர்களா? வங்கதேசத்தில் 65 கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்கும் குறையாமல் மடித்து, குளத்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-இல் முடிவு வெளிவந்தது. காலராக் கிருமி, தண்ணீரில் வாழும் மிகச் சின்னப் பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சி துணியில் மாட்டினால் கிருமியும் மாட்டும். புதுச் சேலையைவிடப் பழசுதான் நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து துளைகள் சிறிதாகிவிடுமாம். ஆனால் இது பாதிப் பாதுகாப்புதான். வடிகட்டிய பிறகு கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

'எங்கள் வீட்டில் கேன் தண்ணீர், எங்களுக்கென்ன?' என்று யாரோ சொல்வது காதில் விழுகிறது. பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது எந்தத் தண்ணீரில்? டம்ளர் கழுவுவதும் வெள்ளரிக்காய் அலம்புவதும்? குடத்துக்குள் கையோடு டம்ளரை விட்டு மொள்ளும் வீட்டில், எந்தத் தண்ணீர் வாங்கினாலும் ஒன்றுதான்.

தண்ணீரில் நாற்றமோ நிறமோ தெரிந்தால், முதலில் பக்கத்து வீடுகளில் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உங்கள் தொட்டியிலோ இணைப்பிலோ கோளாறு. தெரு முழுவதும் என்றால் பெரிய குழாயில் விரிசல். தேதி, நேரம், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்று ஒரு தாளில் எழுதி, பெரியவர்கள் மூலம் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். 'தண்ணீர் சரியில்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்தத் தாள்தான் பிட்டருக்கு எங்கே தோண்டுவது என்று காட்டும். சோதித்துப் பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். குவாலியரில் இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கி 1982-இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. மருந்து தடவிய தாள் உள்ள சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆகிவிடும்.

இன்று மாலை பள்ளி விட்டு வரும்போது உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியை அண்ணாந்து பாருங்கள். கடைசியாகச் சுத்தம் செய்த தேதியைப் பெயின்ட்டால் எழுதியிருப்பார்கள். என்ன தேதி போட்டிருக்கிறது?