முதல் ஆட்டமும் முழுப் பருவமும்

மாணவர்களே,

உங்களுள் பலர் தந்தை அல்லது தாயின் பணியிட மாற்றம் காரணமாக ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் பயின்றிருப்பீர்கள். புதிய பள்ளியில் முதல் மாதத் தேர்வு நடைபெறும். ஆசிரியரின் உச்சரிப்புப் பழகியிருக்காது. பாடத்தின் முற்பகுதியை நீங்கள் வேறொரு நகரில் வேறொரு முறையில் படித்திருப்பீர்கள். அத்தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டே, 'இம்மாணவர் இத்தகையவர்' என எவரேனும் முடிவு செய்தால் அது நேரிய முடிவாகுமா? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்றின் வரலாற்றைக் காண்போம். ஒரு விளையாட்டுப் பருவத்தின் தொடக்கத்தில் வீரர்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை அவ்வரலாறு நமக்குத் தெளிவாக்கும்.

ஆட்டமும் பருவமும்

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐவர் ஒரே நேரத்தில் களத்தில் ஆடுவர். அமெரிக்காவில் ஆடவர் கல்லூரி ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளை உடையது. வளைகோட்டிற்கு வெளியிலிருந்து பந்தைக் கூடையில் இட்டால் மூன்று புள்ளிகள். கோட்டிற்கு உள்ளிருந்து இட்டால் இரண்டு புள்ளிகள். எதிரணியின் தவற்றால் கிடைக்கும் தடையற்ற எறிவுக்கு ஒரு புள்ளி.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வீரரின் செயலும் ஓர் அட்டவணையில் எண்களாகப் பதியப்படும். எடுத்த புள்ளிகள், கூடையில் விழாது மீண்ட பந்தைக் கைப்பற்றிய ரீபவுண்டுகள், தோழர் புள்ளி பெறுமாறு பந்தை வழங்கிய அசிஸ்டுகள், எதிரணியிடம் பந்தை இழந்த தடவைகள் ஆகியன அதில் இடம்பெறும்.

கல்லூரிப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சு மாதத் தேசியப் போட்டியை நோக்கிச் செல்லும். ஓர் அணி ஏறத்தாழ முப்பது ஆட்டங்கள் ஆடும். ஆனால் ஐந்தாறு ஆட்டங்கள் முடிந்தவுடனேயே பயிற்சியாளரும் பார்வையாளரும் வீரர்களை எடைபோடத் தொடங்கிவிடுவர்.

பதின்மூன்று முறை இழந்த பந்து

வட கரோலினா மாநிலத்தில் உள்ள டேவிட்சன் கல்லூரி ஏறத்தாழ 1,700 மாணவர்களே பயின்ற சிறிய கல்லூரி. 2006ஆம் ஆண்டு ஸ்டீபன் கறி என்னும் இளைஞர் அங்கு முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். அவர் மெலிந்த உடலினர். அவருடைய தந்தை புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். ஆயினும் பெரிய அணிகளைக் கொண்ட கல்லூரிகள் மகனுக்கு விளையாட்டு உதவித்தொகையுடன் கூடிய இடம் தர முன்வரவில்லை. டேவிட்சனின் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் அவரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார்.

அந்த நவம்பரில் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக அணியை எதிர்த்துக் கறி தம் முதல் கல்லூரி ஆட்டத்தை ஆடினார். அவர் எடுத்தவை 15 புள்ளிகள். எதிரணியிடம் பந்தை இழந்ததோ 13 முறை. ஒரு வீரர் ஓர் ஆட்டத்தில் ஐந்து முறை பந்தை இழந்தாலே அது மிகுதி எனக் கருதப்படும். அன்றைய அட்டவணையை மட்டும் பார்த்த ஒருவர், 'இவர் கல்லூரி ஆட்டத்திற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை' என்றே எழுதியிருப்பார்.

பயிற்சியாளர் அவ்வாறு கருதி அவரை ஒதுக்கிவிடவில்லை. அடுத்த ஆட்டம் மிச்சிகன் பல்கலைக்கழகத்துடன் நடைபெற்றது. அதில் கறி 32 புள்ளிகள் எடுத்தார்.

இங்கு ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்குங்கள். கறி பதின்மூன்று முறை பந்தை இழந்த ஆட்டத்தில் டேவிட்சன் வென்றது. அவர் 32 புள்ளிகள் குவித்த ஆட்டத்தில் டேவிட்சன் தோற்றது. ஆகவே தனி ஒருவரின் எண்களும் அணியின் வெற்றி தோல்வியும் எப்பொழுதும் கைகோத்துச் செல்வதில்லை. 'அணி தோற்றது, ஆகவே இவர் சரியாக ஆடவில்லை' என்பதும், 'அணி வென்றது, ஆகவே இவர் குறையற்றவர்' என்பதும் அவசர முடிவுகளே.

பருவம் முடிந்தபோது கறி ஆட்டத்திற்குச் சராசரியாக 21.5 புள்ளிகள் எடுத்திருந்தார். நாடு முழுவதிலும் முதலாண்டு மாணவர்களுள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கெவின் டுரான்ட் ஒருவரே அவரை விஞ்சினார்.

சிறிய எண்ணிக்கையின் மயக்கம்

முதல் ஆட்டங்கள் நம்மை ஏன் ஏமாற்றுகின்றன? இதற்குக் கணக்குப் பாடம் விடை தருகிறது.

ஒரு வீரர் முதல் இரண்டு ஆட்டங்களில் ஐந்து மும்புள்ளி எறிவுகளை முயன்று, நான்கில் வெற்றி பெற்றார் எனக் கொள்வோம். அவருடைய வெற்றி விழுக்காடு 80. கேட்போர் வியப்பர். மூன்றாம் ஆட்டத்தில் அவர் பத்து முறை முயன்று இரண்டில் மட்டும் வெற்றி பெறுகிறார். இப்பொழுது மொத்தம் பதினைந்தில் ஆறு. விழுக்காடு 40 ஆகக் குறைந்துவிட்டது. வீரர் மாறவில்லை, அவருடைய கைத்திறனும் ஒரே நாளில் பாதியாகக் குறைந்துவிடவில்லை. நாம் பார்த்த எறிவுகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது என்பதே உண்மை.

ஐந்து எறிவுகளில் ஒன்று தவறினால் விழுக்காடு இருபது குறையும். நூறு எறிவுகளில் ஒன்று தவறினால் விழுக்காடு ஒன்று மட்டுமே குறையும். எண்ணிக்கை பெருகப் பெருக, தற்செயலான ஏற்ற இறக்கங்கள் அடங்கி, வீரரின் இயல்பான திறன் வெளிப்படும். ஆகவே விழுக்காட்டைக் கேட்டவுடன், 'எத்தனை எறிவுகளில்?' என்று கேட்கப் பழகுங்கள்.

எதிர்த்து ஆடியவர் யார்?

அடுத்த பருவம் 2007ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியது. டேவிட்சன் முதல் பத்து ஆட்டங்களில் நான்கில் வென்று ஆறில் தோற்றது. இவ்வெண்களை மட்டும் கண்டால், அவ்வணி நலிந்த அணி எனத் தோன்றும்.

ஆனால் தோல்வி யாரிடம் என்பதைப் பாருங்கள். நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றான வட கரோலினாப் பல்கலைக்கழகத்திடம் 72க்கு 68 எனத் தோற்றது. டியூக் பல்கலைக்கழகத்திடம் 79க்கு 73 எனத் தோற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திடம் 75க்கு 63 எனத் தோற்றது. சிறிய கல்லூரி ஒன்று வலிமை மிக்க அணிகளைத் தேடிச் சென்று ஆடியதன் விளைவே அத்தோல்விகள். அப்பருவத்தின் இறுதியில் தேசியப் போட்டியின் கடைசி நான்கு இடங்களை எட்டிய அணிகளுள் வட கரோலினாவும் கலிபோர்னியாவும் இருந்தன.

இதிலிருந்து இரண்டாம் வினா பிறக்கிறது: 'எத்தகைய எதிரணிக்கு எதிராக?' எளிய எதிரணியை எதிர்த்து எடுத்த முப்பது புள்ளிகளும், வலிய எதிரணியை எதிர்த்து எடுத்த முப்பது புள்ளிகளும் அட்டவணையில் ஒன்றுபோலவே தோன்றும்; மதிப்பில் அவை ஒன்றல்ல.

அந்த டிசம்பருக்குப் பிறகு டேவிட்சன் தொடர்ச்சியாக 25 ஆட்டங்களில் வென்றது. 65 அணிகள் பங்கேற்ற தேசியப் போட்டியில் கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் ஆகிய அணிகளை வீழ்த்தியது. கொன்சாகாவுக்கு எதிராகக் கறி 40 புள்ளிகள் எடுத்தார். ஜார்ஜ்டவுனுக்கு எதிரான ஆட்டத்தில் டேவிட்சன் ஒரு கட்டத்தில் 17 புள்ளிகள் பின்தங்கி, இறுதியில் 74க்கு 70 என வென்றது. பருவத் தொடக்கத்தில் பெரிய அணிகளிடம் தோற்றுப் பெற்ற பட்டறிவு மார்ச்சில் பயன்பட்டது எனலாம்.

புள்ளிகளுக்கு அப்பால்

புள்ளி எடுப்பவரையே அனைவரும் காண்பர். புள்ளி எடுக்க வழி செய்பவரைக் காண்போர் சிலரே. டேவிட்சன் அணியில் ஜேசன் ரிச்சர்ட்ஸ் என்பவர் பந்தைக் கொண்டுசென்று தோழருக்கு வழங்கும் பணியைச் செய்தார். அப்பருவத்தில் நாட்டிலேயே சராசரியாக மிகுதியான அசிஸ்டுகள் வழங்கியவர் அவரே. ஆட்டத்திற்கு எட்டுக்கு மேல். கறி அப்பருவத்தில் 162 மும்புள்ளி எறிவுகளில் வெற்றி பெற்று, அந்நாள்வரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். அதில் பந்தை உரிய நேரத்தில் உரிய கையில் சேர்த்தவருக்கும் பங்கு உண்டு.

எதிரணி வீரரை நெருங்கி நின்று தடுப்பவர், தோழருக்கு வழி ஏற்படுத்துமாறு எதிரியை மறித்து நிற்பவர், பயிற்சியில் பிறரை ஊக்குவிப்பவர் ஆகியோரின் பணி பெரும்பாலும் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஆகவே மூன்றாம் வினா: 'இவருக்கு அணி அளித்த பணி யாது? அதை இவர் செய்கிறாரா?'

அப்படியானால் மதிப்பிடவே கூடாதா?

தொடக்கத்தில் மதிப்பிடுவதே தவறு என எண்ணிவிடாதீர்கள். பயிற்சியாளருக்குக் காத்திருக்க நேரமில்லை. நாளைய ஆட்டத்தில் யாரைக் களமிறக்குவது என்பதை அவர் இன்றே முடிவு செய்தாக வேண்டும். வேறுபாடு இதுதான்: அவர் செய்வது தற்காலிக மதிப்பீடு. புதிய சான்று கிடைக்கும்போது அதை மாற்றிக்கொள்ள அவர் அணியமாக இருப்பார்.

சில பண்புகளைத் தொடக்கத்திலேயே ஓரளவு காண இயலும். தவறு செய்தபின் வீரர் தலைகுனிந்து நிற்கிறாரா, அல்லது உடனே தடுப்பாட்டத்திற்கு ஓடுகிறாரா? சென்ற ஆட்டத்தில் செய்த அதே பிழையை இந்த ஆட்டத்திலும் செய்கிறாரா? தோழர் நல்ல இடத்தில் நிற்கும்போது பந்தை வழங்குகிறாரா? இவற்றைக் காணப் பெரிய எண்ணிக்கை தேவையில்லை. கூர்ந்த கண் போதும். பதின்மூன்று முறை பந்தை இழந்தவர் அடுத்த ஆட்டத்தில் அஞ்சாது பந்தைக் கேட்டு வாங்கினார் என்பதே முதல் ஆட்டத்தின் எண்கள் காட்டாத செய்தி.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம் உண்டு. அத்தலைப்பில் இரு செயல்கள் உள்ளன: முதலில் ஆராய்தல், பின்னர் நம்புதல். ஆராயாது நம்புவதும் குறை. ஆராய்ந்த பின்னும் நம்ப மறுப்பதும் குறையே.

இறுதி எறிவு

தேசியப் போட்டியில் கடைசி நான்கு இடங்களுக்கான ஆட்டத்தில் டேவிட்சன் கேன்சஸ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியது. கேன்சஸ் 59, டேவிட்சன் 57. சில நொடிகளே எஞ்சின. பந்து கறியின் கையில் இருந்தது. எதிரணியினர் இருவர் அவரைச் சூழ்ந்தனர். அவர் பந்தை ரிச்சர்ட்ஸிடம் வழங்கினார். ரிச்சர்ட்ஸ் எறிந்த மும்புள்ளி எறிவு கூடையில் விழவில்லை. டேவிட்சன் வெளியேறியது, கேன்சஸ் அவ்வாண்டின் வாகையர் ஆயிற்று.

அந்த ஓர் எறிவைக் கொண்டு ரிச்சர்ட்ஸை மதிப்பிடலாமா? பருவத்தின் முதல் ஆட்டத்திற்குப் பொருந்தும் நெறி இறுதி எறிவுக்கும் பொருந்தும். அவர் 36 ஆட்டங்கள் ஆடிய அணியின் வழிநடத்துநர். அந்த எறிவு அவற்றுள் ஒரு நொடி.

உங்கள் வகுப்பில் அடுத்த வாரம் ஒரு புதிய மாணவர் சேரக்கூடும். அவர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். முதல் நாள் களத்தில் பந்தைத் தவறவிடலாம். அப்பொழுது இப்பாடத்தின் மூன்று வினாக்களை நினைவில் கொள்ளுங்கள். நீங்களே அப்புதிய மாணவராக இருந்தால், உங்கள் இரண்டாம் ஆட்டம் இனிமேல்தான் வரவிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

விஞ்சுதல் – மிகுதல், மேம்படுதல்
நலிந்த – வலிமை குன்றிய
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு
அணியம் – ஆயத்தம்
வாகையர் – வெற்றி பெற்றோர்

பயிற்சி

1. கறியின் முதல் இரண்டு ஆட்டங்களின் முடிவுகள் நமக்கு உணர்த்துவது யாது?
2. ஒரு வீரர் எட்டு எறிவுகளில் ஆறில் வென்றார். அடுத்து முயன்ற பன்னிரண்டில் மூன்றில் வென்றார். இரு நிலைகளிலும் அவருடைய மொத்த வெற்றி விழுக்காட்டைக் கணக்கிட்டு, மாற்றத்தின் காரணத்தை இரு தொடர்களில் எழுதுக.
3. வீரரை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய மூன்று வினாக்களைத் தொகுத்து எழுதுக.
4. உங்கள் பள்ளி அணியின் ஓர் ஆட்டத்தைக் கண்டு, அட்டவணையில் இடம்பெறாத ஒரு நற்செயலைப் பத்து வரிகளில் விளக்குக.