கியர்ப்பெட்டியின் ஓசை

மோட்டார் வண்டியின் கியர்ப்பெட்டியில் ஓசை எழுந்தவுடனே அதனைக் கழற்றிப் பிரித்துப் பொருளும் பொழுதும் இழப்போர் பலர். ஓசை எத்தகையது என்பதினும், அஃது எப்பொழுது எழுகின்றது, எப்பொழுது அடங்குகின்றது என்பதே பழுதை அறிதற்கு உறுதியான வழியாகும். முதற்கண் எண்ணெயின் அளவை நோக்குதல் வேண்டும். எண்ணெய்க் குறைவால் எழும் இரைச்சலும் உண்டு.

பின்னர், நின்ற வண்டியிற் கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினை ஓடவிடுக. கிளச்சு மிதி அழுத்தப்படாதபோது பெட்டியின் முகப்புத் தண்டும், அதனாற் சுழற்றப்படும் இடைத்தண்டும் ஓயாது சுழல்வன. அப்போது கேட்கும் உறுமல் மிதியை அழுத்தியதும் ஓயுமாயின், அத்தண்டுகளைத் தாங்கும் பெயரிங்குகளை ஐயுறலாம். அழுத்தும்போதே கிரீச்சொலி தொடங்குமாயின், குற்றம் கிளச்சை விடுவிக்கும் பெயரிங்கினது. பற்சில்லுகளைப் பழித்தல் வீண்.

ஓட்டத்தில் ஒரு கியரில் மட்டும் ஓசை கேட்பின் அதற்குரிய பற்களை ஆராய்தல் தகும். இலங்கைத் தெருக்களில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனரில் நான்காங் கியர் நேரிணைப்பாகும். ஆங்கே இடைத்தண்டு சுமையின்றிச் சுழலும். ஏனைக் கியர்களில் எழுந்த ஓசை நான்காவதில் மெலியுமாயின் ஐயம் இடைத்தண்டின் மேற் செல்லும். அவ்வண்டியின் முதற் கியருக்குச் சுழற்சி வேகங்களை ஒப்பச் செய்யும் அமைப்பு இல்லை. ஓடும்போது அதனை இடுகையில் எழும் அரைவொலி ஓட்டுபவரின் அவசரத்தால் வருவதேயன்றிப் பழுதன்று. பின்செல்லும் கியரின் ஊளையோ அதன் நேர்வெட்டுப் பற்களின் இயல்பு.