பட்டாசுக் கணக்கும் எக்செல் லிங்க்கும்

2017 நவம்பர் 15 முதல் பட்டாசுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வரி விகிதத்தை ஒவ்வொரு எக்செல் ஃபைலிலும் கையால் அடித்து வைக்கும் அலுவலகத்தில் இப்படியொரு மாற்றம் வந்தால் விலைப்பட்டியல், பில், ஏஜென்ட் கணக்கு என்று எல்லாவற்றையும் திறந்து தேடித் திருத்தியாக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பழைய வரியிலேயே பில் போய்விடும். விகிதம் ஒரே ஃபைலில், ஒரே கட்டத்தில் இருந்து, மற்ற ஃபைல்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் ஒரு திருத்தம் போதும். அதற்குத்தான் லிங்க்.

போடுவது எளிது. இரண்டு ஃபைலையும் திறந்து, வேண்டிய கட்டத்தில் சமக்குறி போட்டு, மற்ற ஃபைலில் விகிதம் உள்ள கட்டத்தைச் சொடுக்கி என்டர் தட்ட வேண்டியதுதான். ஃபைலின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள்ளும், பின்னால் ஷீட்டின் பெயரும் கட்டத்தின் முகவரியும் ஃபார்முலாவில் வந்து நிற்கும். மூல ஃபைலை மூடிவிட்டால் அது இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதையும் சேர்ந்துகொள்ளும்.

சிவகாசிக்கு இது வரிக் கணக்கோடு முடிவதில்லை. ஆலைகள் வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கங்களில் ஊரைத் தள்ளி இருக்கின்றன. இருப்பு அங்கே எழுதப்படும். ஆர்டரும் விலையும் டவுன் அலுவலகத்தில் பார்க்கப்படும். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி ஒரு குடோனில் எவ்வளவு சரக்கு வைக்கலாம் என்பதற்கு லைசென்ஸிலேயே வரம்பு உண்டு. நேற்றைய இருப்பை இன்றைய இருப்பாக நினைத்து முடிவெடுத்தால் அந்த வரம்பு தெரியாமலே தாண்டிப்போகும். அளவு மீறிக் குவிந்த சரக்கு விபத்தின்போது என்ன செய்யும் என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருப்பு எண்ணை ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் பெயர்த்து எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். பெரிய இடங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2012-இல் ஜேபி மார்கன் வங்கி 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அதன் நஷ்ட அபாயக் கணக்கு பல எக்செல் ஷீட்டுகளுக்கிடையே ஆட்கள் காப்பி செய்து ஒட்டி நடந்துவந்தது என்பதை வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே குறிப்பிட்டது.

ஆனால் லிங்க் போட்டதும் கவலை தீர்ந்துவிடாது. மூல ஃபைல் கிடைக்காவிட்டால் எக்செல் கடைசியாகப் பார்த்த எண்ணை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும். ஃபைலைத் திறக்கும்போது ‘அப்டேட் செய்யவா’ என்று கேட்கும்; அவசரத்தில் வேண்டாம் என்று தட்டினால் திரையில் இருப்பது பழைய கணக்கு. வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை இறக்கும்போது பெயரின் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 ஒட்டிக்கொள்வதும் இதே வினைதான்: லிங்க் இன்னும் பழைய பெயர்கொண்ட ஃபைலையே படித்துக்கொண்டிருக்கும்.

இதைவிடக் கண்ணில் படாத கோளாறு ஒன்று உண்டு. அலுவலக ஃபைல் மூடியிருக்கும்போது, ஆலையில் ஒருவர் கம்பி மத்தாப்புக்கு மேலே புஸ்வாணத்துக்குப் புது வரிசை ஒன்றைச் செருகினால், லிங்க் பழைய முகவரியிலேயே நிற்கும். புஸ்வாணத்தின் இருப்பு கம்பி மத்தாப்பின் இருப்பாக வந்து சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. மூலக் கட்டத்துக்கு ஒரு பெயர் சூட்டி, அந்தப் பெயரோடு லிங்க் போட்டால் இந்த ஆபத்து இல்லை.

மாதம் ஒரு ஃபைல் வைப்பவர்களுக்கு இன்னொரு ஆசை வரும்: ஒரு கட்டத்தில் ‘ஆகஸ்ட்’ என்று அடித்தால் ஆகஸ்ட் ஃபைலின் கணக்கும், ‘செப்டம்பர்’ என்றால் செப்டம்பர் கணக்கும் தானாக வர வேண்டும். இதற்குப் பலரும் தேடிப்போவது ‘இன்டைரக்ட்’ என்ற ஃபார்முலா. அது மூல ஃபைல் திறந்திருந்தால் மட்டுமே வேலை செய்யும். மூடினால் ரெஃப் என்ற பிழைதான் வரும். ‘சம்இஃப்’ ஃபார்முலாவும் மூடிய ஃபைலிலிருந்து கூட்டித் தராது. அந்த இடத்தில் ‘சம்புராடக்ட்’ கைகொடுக்கும். மாத ஃபைல்களுக்கு எக்செல் 2016 முதல் உள்ளேயே வரும் ‘பவர் குவெரி’தான் சரியான வழி. ஒரே அமைப்பிலுள்ள ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டுவந்தால், ரிஃப்ரெஷ் கொடுக்கும்போதெல்லாம் அத்தனையையும் படித்து ஒரே பட்டியலாக்கித் தரும். கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் ஆகலாம். தீபாவளி ஆர்டர் குவிவதற்கு முன் அதைச் செலவிடுவது தகும்.

ஆலையும் அலுவலகமும் கூகுள் ஷீட்ஸில் எழுதினால் ‘இம்போர்ட்ரேஞ்ச்’ போதும். முதல் முறை அனுமதி கேட்கும். ஒருமுறை கொடுத்துவிட்டால், வாங்கும் ஷீட்டைத் திருத்த உரிமையுள்ள எவரும் மூல ஃபைலின் எந்தப் பகுதியையும் இழுத்துக்கொள்ளலாம். ஆகவே தொழிலாளர் சம்பளக் கணக்கை இருப்பு ஃபைலில் சேர்க்காமல் தனி ஃபைலாக வைக்க வேண்டும்.