தோட்டத்து மண்பாதையில் மலைச் சைக்கிள்

சென்ற ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாள். பள்ளி விட்டு நான் புறப்படும் நேரத்தில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் வாசலில் நின்றிருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். வேலைக் காலணியைக்கூடக் கழற்றாமல் நேரே வந்திருந்தார்.

"சார், எலும்பு கூடிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க மேல கோபம் இல்ல. ஆனா இனிமே எம் பையன சைக்கிள்ல ஏத்தாதீங்க."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன சொல்ல முடியும்? பையன் விழுந்தது என் கண் முன்னால். அவனைக் கூட்டிப் போனதும் நான்தான்.

வாசகர்களுக்கு முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு ஜனவரி முதல், சனிக்கிழமை காலையில் நான்கு பிள்ளைகளை மலைச் சைக்கிள் ஓட்ட அழைத்துச் சென்று வந்தேன். இரண்டு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். மலைச் சைக்கிள் என்றால் தடித்த, பற்கள் வைத்த டயரும் பல கியர்களும் கொண்டு, கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள். எங்கள் பள்ளிக்குப் பின்னால் கோயிலைத் தாண்டி, வெட்டாமல் விட்ட பழைய பால்மரக் காடு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதன் ஊடே ஒற்றையடிப் பாதை ஒன்று சிற்றாறு வரை இறங்கி, மறுபக்கம் செம்பனைக் காட்டில் ஏறுகிறது. கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டே கிடக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டுத் திடல் எனக்குத் தோன்றவில்லை.

இந்த விளையாட்டு பணக்காரர்களுக்கு உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் பிறப்பைக் கேட்டால் வியப்பீர்கள். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மரீன் வட்டாரத்தில் சில இளைஞர்கள், 1930, 40-களில் செய்யப்பட்ட பழைய கனத்த சைக்கிள்களைத் தேடியெடுத்து மலையிலிருந்து மண்பாதையில் இறக்கி விளையாடினார்கள். 1976 அக்டோபரில் அதையே பந்தயமாக நடத்தினார்கள். ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். அந்தச் சைக்கிள்களில் பின்னுக்கு மிதித்தால் நிற்கும் பிரேக்தான் இருந்தது. கீழே வந்து சேருவதற்குள் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. அடுத்த ஆண்டுகளில் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே சட்டம் செய்யத் தொடங்கினார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளும் ஒரு போட்டியாயிற்று. பெண்கள் பிரிவில் இத்தாலியின் பாவுலா பெட்சோ தங்கம் வென்றார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்ட ஒரு தாத்தாவுக்கு இதைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

தலைநகரில் இருப்பவர்கள் புக்கிட் கியாராவுக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே விலையுயர்ந்த சைக்கிள்களில் கூட்டம் கூட்டமாக ஓட்டுகிறார்கள். அந்தப் பாதைகளின் இருபுறமும் நிற்பவை பால்மரங்கள். அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அங்கே வேலை செய்த குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் தற்காலிகமென்று கட்டப்பட்ட நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டு, நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த கதை தனிக்கதை. சிங்கப்பூரிலும் புலாவ் உபின் தீவில் பழைய கருங்கல் குழியைச் சுற்றி, 2008-இல் மலைச் சைக்கிள் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். பிறர் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தேடிப் போகும் பாதை நமக்கு வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது. அதனால்தான் துணிந்து தொடங்கினேன்.

ஜனவரியும் பிப்ரவரியும் எங்கள் பக்கம் காய்ச்சல் மாதங்கள். மண் சிமெண்டுத் தரை போல் இறுகிவிடும். ஆனால் மேலே சிறு செங்கற்கள் உதிர்ந்து, கோலிக்குண்டைக் கொட்டியது போல் கிடக்கும். அதில் திருப்பத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். ஆகவே திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திரும்பும்போது பிரேக்கைத் தொடக்கூடாது. பால்மரம் இலையுதிர்க்கும் பருவத்தில் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். அதற்கடியில் வேர் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று தெரியாது. கொட்டை வெடிக்கும் பருவத்தில் ரப்பர்க் கொட்டைகள் டயருக்கடியில் உருளும். இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இறக்கத்தில் இருக்கையை விட்டு எழுந்து, இரு மிதிகளையும் சமமாக வைத்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி நிற்கப் பழக்கினேன். எட்டு வாரத்தில் நால்வரும் என்னைவிட நன்றாக ஓட்டினார்கள்.

பிறகு மழை வந்தது. வெள்ளிக்கிழமை மாலை இடியோடு கொட்டி, இரவே விட்டுவிட்டது. சனிக்கிழமை காலை வெயில் பளிச்சென்று இருந்தது. "போகலாமா சார்?" என்றார்கள். போகலாம் என்றேன். வறண்ட பாதையில் எட்டு வாரம் பழகியவர்களுக்கு ஈரப்பாதை முற்றிலும் வேறு பாதை என்பது எனக்கு உறைக்கவில்லை. சிற்றாற்றுக்கு இறங்கும் சரிவில், பாதையின் குறுக்கே சாய்வாக ஓடும் பால்மர வேர் ஒன்றின் மேல் முன்சக்கரம் ஏறியதும் பையன் பயந்து முன்பிரேக்கை இறுக்கினான். அவ்வளவுதான். காறை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் போட்டிருந்ததால் தலை தப்பியது. கவசம் பக்கவாட்டில் பிளந்திருந்தது.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

ஈர வேர் சோப்புக்கட்டி மாதிரி. அதைச் சாய்வாகக் கடக்கவே கூடாது. சக்கரம் வேருக்கு நேர்க்குறுக்காக ஏறி இறங்க வேண்டும். வேரின் மேல் இருக்கும் கணத்தில் பிரேக் பிடிப்பது, திருப்புவது, ஓங்கி மிதிப்பது மூன்றும் ஆகாது. கான் மேல் போட்ட பலகைப் பாலமும் அப்படித்தான். அங்கே இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிரேக்கில் இரண்டு வகை. சக்கரத்தின் விளிம்பை ரப்பர்க் கட்டை கவ்வும் பழைய வகையானால், நனைந்த விளிம்பில் முதலில் பிடிப்பே இராது. சக்கரம் சில சுற்றுச் சுற்றி நீர் வழிந்த பிறகே பிடிக்கும். ஆகவே சரிவு தொடங்குமுன் இலேசாகப் பிடித்துப் பார்த்து நீரை ஓட்டிவிட வேண்டும். தட்டுப் பிரேக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறுகிறது. இரவல் சைக்கிளில் ஏறும் பிள்ளை முதலில் அதைத் தெரிந்துகொள்ளட்டும். பிடிக்கும்போது இரண்டையும் சேர்த்து, ஓரிரு விரலால், மெல்ல.

டயரைக் கல்லாக ஊதிவிடுவது நம்மிடமுள்ள பழக்கம். சாமான் ஏற்றும் சைக்கிளுக்கு அது சரி. மண்பாதையில் டயர் கொஞ்சம் அமுங்கினால்தான் தரையைப் பற்றும். டயரின் பக்கவாட்டிலேயே குறைந்த அளவும் கூடிய அளவும் அச்சிட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் குறைந்த அளவை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் வேரிலும் கல்லிலும் இடிபட்டுக் குழாய் கிழியும்.

எல்லா மண்ணும் ஒன்றல்ல. லோரி ஓடும் செம்மண் சாலையில் கல் கலந்திருப்பதால் மழை விட்ட சில மணி நேரத்தில் ஓட்டலாம். ஆற்றோரத்துக் களிமண் இரண்டு மூன்று நாள் காயாமல் ஓட்டத் தகாது. அது டயரில் ஒட்டிப் பிரேக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அது நம் தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை பிறருக்கு நாம் கொடுப்பது. ஈரக்களியில் சக்கரம் கீறிய தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி, மண்ணை அரித்துக்கொண்டு போகும். மறுநாள் விடியற்காலையில் தலையில் மூட்டையோடு அந்த வழியே நடப்பவர் யார்? நம் வீட்டுப் பெண்கள்தானே. நமக்கு அது விளையாட்டுப் பாதை, அவர்களுக்கு வேலைப் பாதை.

செம்பனைப் பக்கம் வேறு விதம். மட்டை முள் எப்படிப்பட்ட டயரையும் துளைக்கும். குலை வெட்டுகிறவர்கள் போகும் நிரையில்தான் ஓட்ட வேண்டும். மட்டை அடுக்கிய நிரைக்குள் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். மருந்து தெளிக்கும் நாளில் அந்தப் பக்கமே போகக்கூடாது. மண்டோரிடம் முதல் நாளே கேட்டால் சொல்லிவிடுவார். தோட்ட நிர்வாகத்திடமும் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. இடி கேட்டால் அந்த நிமிடமே திரும்பிவிட வேண்டும். நம் நாடு மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. ஒதுங்குகிறேன் என்று மரத்தடியில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

சேற்றில் ஓட்டி வந்த பிள்ளையைச் சோப்புப் போட்டுக் குளிக்க வையுங்கள். சிராய்ப்பு இருந்தால் கழுவி மருந்து போடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். மலேசியாவில் 2010 முதல் அது மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "சேற்றில் சைக்கிள் ஓட்டினான்" என்ற செய்தியையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரங்காடியில் மலிவாக, ஸ்பிரிங்கோடு பளபளவென்று நிற்பவற்றில் சில, பார்வைக்கு மட்டுமே மலைச் சைக்கிள். கரடுமுரடான பாதைக்கு உகந்ததல்ல என்று அதிலேயே சிறிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். நான் பட்டணத்துக் கடையில் 350 வெள்ளிக்கு வாங்கிய பழைய சைக்கிள் அவற்றைவிட நன்றாக உழைக்கிறது. செயினுக்கு லோரியின் பழைய எண்ணெயை ஊற்றாதீர்கள். அது மணலை இழுத்து ஒட்டவைத்துப் பற்களைத் தின்றுவிடும். ஒருமுறை அடிபட்டுப் பிளந்த தலைக்கவசத்தை ஒட்டுப்போட்டுத் தம்பிக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

இனி அந்தத் தாயாரின் செய்திக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து, மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தார். எந்த இடத்தில் விழுந்தான் என்று கேட்டார். சாய்ந்த வேரை நான் விவரித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அந்த எறக்கமா சார்? மழை பேஞ்சா நாங்க நடந்தே அதுல எறங்க மாட்டோமே. மேலாப்புல சுத்தி, பழைய பால் கொட்டாய் வழியா இல்ல போவோம். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். பதினைந்து ஆண்டுகளாக இருட்டிலும் மழையிலும் அந்தப் பாதையில் நடக்கிறவர் அவர். நானோ மூன்று மாதமாகச் சனிக்கிழமை மட்டும் போகிறவன். மறு வாரம் அவரே முன்னால் நடந்து வழி முழுவதையும் காட்டினார். எங்கே தண்ணீர் ஊறும், எந்தப் பலகையில் பாசி பிடிக்கும், எந்த மேட்டில் கால் வழுக்காது என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் படம் வரைந்து குறித்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு, முன்பு பால் வெட்டிய பெரியவர்கள் இருவரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்தார்கள். தோளில் பால் வாளியோடு வழுக்கி விழுந்து, ஒரு நாள் பாலையும் ஆற்றில் விட்ட கதை அவர்களில் ஒருவருடையது.

ஜூலையில் பையன் மறுபடியும் வந்தான். தாயார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ஈரமான நாளில் அந்தச் சரிவுப் பக்கம் போகாமல் கொட்டாய் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், பலகைப் பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டும். "நீங்களும்தான் சார்" என்றார். நானும் தள்ளித்தான் போகிறேன்.